இறக்கத்தில் நியூட்ரல்

கார் நின்றது மகாளய அமாவாசைக்கு முந்தைய வெள்ளிக்கிழமை, காலை பதினொன்று பத்துக்கு. இது ஊகம் இல்லை. என் மனைவியின் அழைப்பு என் கைபேசியில் பதினொன்று பன்னிரண்டுக்குப் பதிவாகியிருக்கிறது. அதற்கு முன் இரண்டு நிமிடம் என்ன செய்வதென்று தெரியாமல் உட்கார்ந்திருந்ததாக அவளே பிறகு சொன்னாள்.

லேக் கார்டன்ஸில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து சால்ட் லேக்கில் இருக்கும் தன் அக்கா வீட்டுக்கு அவள் தனியாக ஓட்டிக்கொண்டு போயிருந்தாள். பைபாஸிலிருந்து சால்ட் லேக் பக்கம் ஏறும் சிங்ரிகட்டா மேம்பாலத்தில், ஏற்றத்தின் நடுவில், வண்டி முன்னால் போக மறுத்துவிட்டது. "இன்ஜின் ஓடறது. மிதிச்சா சத்தம் வரது. வண்டி மட்டும் நகரமாட்டேங்கறது," என்றாள். பின்னால் ஹாரன்கள் கேட்டன. யாரோ வங்காளத்தில் திட்டுவதும் கேட்டது.

நான் கேட்ட முதல் கேள்வி, "நீ என்ன பண்ணினே?"

"நீங்க கிளம்பி வாங்கோ," என்று அவள் வைத்துவிட்டாள்.

டாக்ஸி பிடித்துப் போய்ச் சேர ஐம்பது நிமிடம் ஆனது. அதற்குள் போலீஸ் கிரேன் வண்டியைப் பாலத்துக்குக் கீழே இழுத்து விட்டிருந்தது. ஒரு டீக்கடை பெஞ்சில் அக்காவுக்கான டிபன் கேரியரை மடியில் வைத்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தாள். கடைக்காரர் காசு வாங்காமல் அவளுக்கு இரண்டு முறை டீ கொடுத்திருந்தார். அன்றோடு அவள் வண்டி ஓட்டுவது நின்றுபோகும் என்று எனக்குத் தோன்றவில்லை. கியர் பெட்டியை நினைத்துத்தான் கவலையாக இருந்தது.

அவள் ஓட்டக் கற்றுக்கொண்டது ஐம்பத்து நான்காவது வயதில். அதற்கு முன் எங்களிடம் இருந்தவை கிளட்சை மிதித்து கியர் போடும் வண்டிகள். அவற்றை முப்பது வருடமாக நான்தான் ஓட்டினேன். ஆட்டோமேட்டிக் வண்டி வாங்கியபோது அவள் குனிந்து உள்ளே பார்த்தாள். "இதுல ரெண்டு பெடல்தானே இருக்கு? அப்போ நானும் ஓட்டறேன்," என்றாள். விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்தேன். மறு வாரமே டாலிகஞ்ச் பக்கம் ஒரு டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்துவிட்டாள்.

காரணம் அக்காதான். அவளைவிட ஏழு வயது மூத்தவர், கணவர் இல்லை, இடுப்பு எலும்பு முறிந்ததிலிருந்து வாசல் தாண்டுவதில்லை. ஒரே ஊரில் முப்பது வருடம் இருந்தும் சகோதரிகள் வருடத்துக்கு நாலைந்து முறைதான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஓய்வு பெறும்வரை வங்கியில் எனக்கு விடுமுறை கிடைப்பதையும், எனக்கு மனம் வருவதையும் பொறுத்து அது அமைந்தது. உரிமம் கைக்கு வந்த பிறகு செவ்வாயும் வெள்ளியும் என்று அவளே நாள் குறித்துக்கொண்டாள். தெருவில் தண்ணீர் தேங்கிய நாட்கள் தவிர ஒரு வாரமும் தவறியதில்லை.

இதை என்னால் உறுதியாகச் சொல்ல முடியும், ஏனென்றால் எழுதி வைத்திருக்கிறேன். எனக்கு அது பழக்கம். மழை பெய்த நாள், மின்சாரம் போன நேரம், எந்தப் புத்தகத்தை என்று தொடங்கி என்று முடித்தேன் என்பது எல்லாம் வருடவாரியாக நோட்டுகளில் இருக்கிறது. வண்டிக்குத் தனி நோட்டு. தேதி, ஓடிய தூரம், யார் ஓட்டினார்கள், லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர், கடைசியாகக் குறிப்பு. பழைய காலத்து நாட்குறிப்புகளை ஆசையாகத் தேடிப் படிக்கிறவன் நான். எழுதியவர்கள் தாங்கள் எழுதியதைத் திரும்பப் படித்தார்களா என்று அவற்றில் தெரிவதில்லை. நானும் படித்ததில்லை. எழுதியதோடு சரி.

சனிக்கிழமை சர்வீஸ் சென்டரில் ஒரு பெண் மரியாதையாக விளக்கினாள். அவர்கள் கியர் பெட்டியைப் பிரிப்பதில்லை, முழுசாக மாற்றத்தான் முடியும். அவள் சொன்ன தொகை வண்டியின் இன்றைய விலையில் கிட்டத்தட்டப் பாதி. வாரண்டி முடிந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. பழுது நேர்ந்தபோது ஓட்டியவர் யார் என்று படிவத்தில் ஒரு கேள்வி இருந்தது. "மனைவி" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். எழுதும்போது எனக்குள் ஒரு சின்ன நிம்மதி இருந்தது. அதை இப்போது ஒத்துக்கொள்கிறேன்.

எங்கள் கட்டடம் நான்கு மாடி. கார் நிறுத்தும் தரைத்தளத்தில் மாலையில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டு ஆண்கள் ஐந்தாறு பேர் அரட்டை அடிப்போம். கீழ் வீட்டுக்காரர் ஓய்வு பெற்ற பொறியாளர். எதைப் பற்றியும் கருத்து இல்லாமல் இருக்கமாட்டார். மகாளய ஞாயிற்றுக்கிழமை மாலை என் கதையைக் கேட்டுவிட்டு அவர் வங்காளத்தில் சொன்னது இது. "ஆட்டோமேட்டிக் கியர் பெட்டி தானாப் போகாது, தாதா. யாராவது அனுப்பி வைக்கணும்."

என் மனைவி இடது காலை பிரேக்கில் வைத்துக்கொண்டு ஓட்டுவாளா என்று கேட்டார். அண்ணன் என்ற முறையில் என்னைத் தாதா என்றும், அண்ணி என்ற முறையில் அவளைப் பௌதி என்றும் கட்டடத்தில் எல்லோரும் அழைப்பார்கள். "பௌதி ஒரு கால் ஆக்சிலேட்டர், ஒரு கால் பிரேக்கா? அப்படின்னா பெட்டி சன்னியாசம் வாங்கிக்கிட்டுப் போயிருக்கும்."

"ஆமாம், ரெண்டு காலாலதான் ஓட்டறா. நான் எத்தனையோ தடவை சொல்லியாச்சு," என்றேன்.

அது பொய். அவள் அப்படி ஓட்டி நான் பார்த்ததில்லை, அப்படி ஓட்டாதே என்று சொன்னதும் இல்லை. எல்லோரும் சிரிக்கும் இடத்தில் நானும் இருக்க ஆசைப்பட்டேன், அவ்வளவுதான். சிரித்தார்கள். மாடிப்படித் திருப்பத்தில் பால் வாங்கக் கிளம்பிய பையோடு அவள் நின்றிருந்தாள். என்னைவிட நன்றாக வங்காளம் பேசுகிறவள். எங்களைக் கடந்து போய், பால் வாங்கி, எங்களைக் கடந்து மேலே ஏறினாள். நான் வீட்டுக்குப் போனபோது வண்டியின் சாவி ஃப்ரிட்ஜ் மேலே இருந்தது.

"இனிமே எனக்கு வேண்டாம். ரிப்பேர் ஆனதும் நீங்களே ஓட்டுங்கோ," என்றாள். குரலில் கோபம் இல்லாததால், இரண்டு நாளில் சரியாகிவிடும் என்று எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் கொலு வைத்தாள். செவ்வாய்க்கிழமை ஆட்டோவும் பஸ்ஸுமாக அக்கா வீட்டுக்குக் கிளம்பினாள். துர்க்கை பூஜைக் கூட்டத்தில் பைபாஸ் வரைக்கும் போய்த் திரும்பிவிட்டாள். வெள்ளிக்கிழமை கிளம்பவே இல்லை. போனில் அக்காவிடம், "இல்லக்கா, இனிமே முன்ன மாதிரிதான். இவர் வரச்சே வரேன்," என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நான் பக்கத்து அறையில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தேன்.

இதற்கிடையில் வண்டியை டாலிகஞ்சில் ஒரு மெக்கானிக்கிடம் சேர்த்திருந்தேன். சினிமா ஸ்டூடியோ விளக்குகளை ஏற்றிச்செல்லும் வேன்கள் நிற்கிற ஒரு சந்தில் அவர் பட்டறை. ஆட்டோமேட்டிக் பெட்டிகளைப் பிரித்துச் சேர்க்கத் தெரிந்த சிலரில் ஒருவர் என்று கேள்விப்பட்டேன். என் வயதுதான் இருக்கும். மூக்குக் கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். அந்த வெள்ளிக்கு முந்தின நாளே, வியாழக்கிழமை, பெட்டியைப் பிரித்துவிட்டேன் வாருங்கள் என்று கூப்பிட்டிருந்தார்.

ஒரு தகரத் தட்டில் வரிசையாக வளையத் தட்டுகள் இருந்தன. பெரும்பாலானவை பழுப்பாக, எண்ணெய் மினுங்க இருந்தன. ஒரு அடுக்கு மட்டும் கரியாக இருந்தது. அதை என் மூக்கருகில் நீட்டினார். தீய்ந்த வாடை அடித்தது.

"மத்தது எதுவும் தேயலை. டி-யில போட்டா வண்டியை முன்னால இழுக்கிற கிளட்ச் இது. இது மட்டும் கருகியிருக்கு," என்றார். "ஓடிக்கிட்டிருக்கிற வண்டியை நியூட்ரல்ல தள்ளி, வேகத்தோடயே திரும்ப டி-யில போட்டிருக்காங்க. ஒரு நாள் ரெண்டு நாள் வேலை இல்லை இது."

நியூட்ரலில் உருளும்போது இன்ஜின் மெதுவாகச் சுற்றும், எண்ணெய் அழுத்தமும் குறைந்துவிடும், ஆனால் சக்கரத்தோடு சேர்ந்து உள்ளே பாகங்கள் வேகமாகச் சுற்றிக்கொண்டிருக்கும், அந்த நிலையில் திடீரென்று இணைத்தால் அடி முழுவதையும் இந்தத் தட்டுகள்தான் வாங்கும் என்று விளக்கினார். எனக்கு முதல் வாக்கியத்திலேயே புரிந்துவிட்டது. இருந்தும், இரண்டு காலாலும் ஓட்டினால் இப்படி ஆகுமா என்று கேட்டேன்.

"அதுக்கு பிரேக் பேடு தேயும், சார். பார்த்தேன், உங்க பேடெல்லாம் நல்லாயிருக்கு. பிரேக்கை ரொம்ப அளவா மிதிக்கிற கால் அது. யார் ஓட்டறது?"

"மனைவியும் நானும்."

"அப்ப ரெண்டு பேர்ல ஒருத்தர் பழைய அம்பாசடர்காரர்," என்று சிரித்தார். நானும் சிரித்தேன். வீட்டில் கேட்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வீட்டில் கேட்க ஒன்றுமில்லை. என் கல்லூரி நாட்களில் இந்த ஊர் டாக்ஸிக்காரர்கள் பாலத்து உச்சியைத் தொட்டதும் கியரை நியூட்ரலுக்குத் தள்ளிவிட்டு, எண்ணெய் செலவில்லாமல் கீழே வரை உருண்டு வருவார்கள். பின் சீட்டில் உட்கார்ந்து அந்த லாகவத்தை ரசித்திருக்கிறேன். வண்டி கிடைத்ததும் நானும் அப்படித்தான் ஓட்டினேன். கிளட்ச் வண்டிக்கு அது பெட்டி போகிற அளவுக்குக் குற்றமில்லை. ஆட்டோமேட்டிக் வந்த பிறகு விட்டிருந்தேன். போன நவம்பரில் மைலேஜ் குறைவதாக என் நோட்டு காட்டியது. அதைச் சரிசெய்ய வேண்டும் என்ற வெறியில் பழைய வித்தையை மறுபடி எடுத்தேன். லேக் கார்டன்ஸ் மேம்பாலம், பைபாஸ் பாலங்கள் என்று ஒரு இறக்கத்தையும் விடவில்லை.

நோட்டை எடுத்துப் பார்த்தேன். நவம்பர் இரண்டாவது வாரத்தில் என் கையெழுத்தில் இருந்தது: "இறக்கங்களில் நியூட்ரல். பலன் தெரிகிறது." மைலேஜ் எண்ணைச் சுற்றி சிவப்பு மையில் வட்டம் வேறு. நான் ஓட்டிய நாட்களில் மட்டும் எண் கூடியிருந்தது. அவள் ஓட்டிய நாட்களில் பழையபடியே இருந்தது. மார்ச் மாதத்திலிருந்து ஐந்தாறு இடங்களில் "சிறு குலுக்கல், சாலை மோசம்" என்று இருந்தது. டி-யில் திரும்பப் போடும்போது வந்த குலுக்கல் அது. சாலையின் மேல் பழி போட்டு எழுதி வைத்திருக்கிறேன்.

மெக்கானிக்கிடம் கொடுக்க வேண்டியது சர்வீஸ் சென்டர் சொன்னதில் மூன்றில் ஒரு பங்குதான். அதுவும் சின்னத் தொகை இல்லை, ஆனால் கொடுத்துவிடலாம். வண்டி ஓடும். யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை. வியாழன், வெள்ளி, சனி, ஞாயிறு, திங்கள் என்று ஐந்து நாள் சொல்லாமல் இருந்தேன். கொலுவுக்கு வந்தவர்களிடம் அவள் சுண்டல் கொடுத்தபடி, "நான்தான் வண்டியைக் கெடுத்துட்டேன்," என்று சிரித்துக்கொண்டே சொல்வதை இரண்டு முறை கேட்டேன். சஷ்டியன்று தெருப் பந்தலில் மேளம் தொடங்கிவிட்டது. அந்தச் சத்தத்தில் வீட்டுக்குள் பேசாமல் இருப்பது சுலபமாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை நவமி. வண்டி இல்லாத ஆயுத பூஜை. அவள் சாவிக்குச் சந்தனம் இட்டு சரஸ்வதி முன் வைத்தாள். புத்தகங்களை அடுக்கினாள். என் மேஜையிலிருந்து வண்டி நோட்டையும் எடுத்துக்கொண்டு போய் மேலாக வைத்தாள். பூஜையில் வைத்ததை அன்று தொடக் கூடாது, படிக்கக் கூடாது, எழுதக் கூடாது. நாள் முழுவதும் அது குங்குமப் பொட்டோடு அங்கே இருந்தது. நான் அந்த அறைக்குள் போவதைத் தவிர்த்தேன்.

விஜயதசமி காலை புனர்பூஜை முடிந்ததும் அடுக்கைக் கலைத்து ஆளுக்கொன்று எடுத்து ஒரு பக்கமாவது படிப்பது எங்கள் வீட்டு வழக்கம். அவள் சுலோகப் புத்தகத்தை எடுத்துக்கொண்டாள். என் கையில் நோட்டைக் கொடுத்து, "ஏதாவது படிங்கோ. உங்க மைலேஜையே படிங்கோ, பரவாயில்லை," என்றாள்.

நவம்பர் பக்கத்தைத் திறந்து வாய்விட்டுப் படித்தேன். தேதி, தூரம், ஓட்டியவர், எண், குறிப்பு. மார்ச் வரைக்கும் படித்தேன். குலுக்கல்களையும் படித்தேன். பிறகு மெக்கானிக் சொன்னதைச் சொன்னேன்.

அவள் சுலோகப் புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டாள். "மெக்கானிக் என்னிக்கு சொன்னார்?"

"போன வியாழக்கிழமை."

"நான் ஒரு தடவையாவது அந்த லீவரை நடுவுல தொட்டிருக்கேனா?"

"இல்லை."

"ரெண்டு காலால ஓட்டறேன்னு கீழ சொன்னேளே. அது எந்தத் தேதியில இருக்கு? படிங்கோ."

அது எந்த நோட்டிலும் இல்லை. மழை, வெயில் எழுதும் தினசரி நோட்டில் அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு எதிரே "மகாளயம். வெயில்." என்று மட்டும் இருந்தது.

"எழுதலை," என்றேன்.

"எழுதாட்டா நடக்கலைன்னு ஆயிடுமா?" அவள் எழுந்து விளக்கின் திரியை உள்ளே தள்ளிவிட்டு வந்தாள். "எங்கிட்ட சொன்னா போறாது. எங்க சொன்னேளோ அங்க சொல்லுங்கோ. நானும் வந்து நிக்கறேன்."

அன்று சாயங்காலம் துர்க்கையை ஆற்றில் கரைக்க லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டுத் தெருவே தரைத்தளத்துக்குத் திரும்பியது. பெண்கள் முகமெல்லாம் குங்குமம். இந்த ஊர் வழக்கப்படி ஆண்கள் ஒருவரையொருவர் தழுவிக்கொண்டார்கள், தட்டுகளில் சந்தேஷ் இனிப்பு சுற்றி வந்தது. கீழ் வீட்டுக்காரர் என்னைத் தழுவிக்கொண்டு, வண்டி என்ன ஆயிற்று என்று கேட்டார். மனைவி என் பக்கத்தில் நின்றாள்.

வங்காளத்தில் சொன்னேன். பெட்டியைக் கெடுத்தது நான். பதினோரு மாதமாக இறக்கங்களில் நியூட்ரலில் ஓட்டினேன். இவள் இரண்டு காலால் ஓட்டுகிறாள் என்று நான் அன்று சொன்னது பொய், அவள் ஒழுங்காகத்தான் ஓட்டுகிறாள். இவ்வளவுதான். மூன்று வாக்கியம் சொல்ல வியர்த்துவிட்டது.

கீழ் வீட்டுக்காரர் தட்டைத் தூக்கிப் பார்த்து, உடையாத ஒரு சந்தேஷாகத் தேடி எடுத்து அவளிடம் நீட்டினார். "பௌதி, அன்னிக்கு முதல்ல சிரிச்சவன் நான்தான்," என்றார்.

அவள் வாங்கிக்கொண்டாள். "நீங்க உங்க வண்டியை நியூட்ரல்ல ஓட்டறதில்லையே, தாதா?"

அவர் பதில் தேடிக்கொண்டிருக்கும்போதே பின்னாலிருந்து அவர் மனைவி, "தினமும்," என்றார். இந்த முறை சிரிப்பு வேறு பக்கம் போனது. என் மனைவியும் கொஞ்சம் சிரித்தாள். ஆனால் மேலே வந்த பிறகு என்னிடம் அதிகம் பேசவில்லை. பேச வேண்டியதை எல்லாம் நான்தான் பேச வேண்டியிருந்தது, அதையும் சரியாகப் பேசினேன் என்று சொல்லமாட்டேன்.

லட்சுமி பூஜை கழிந்து டெல்லியிலிருந்து தட்டுகள் வந்தன. சனிக்கிழமை வண்டி வீடு சேர்ந்தது. சாவியை அவளிடம் நீட்டினேன். வாங்கிக்கொண்டாள், ஓட்டுவேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. ஞாயிறு, திங்கள் வண்டி அசையவில்லை. நானும் அதைத் தொடவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை டிபன் கேரியரைக் கழுவும் சத்தம் கேட்டது. கூட வரட்டுமா என்றேன். "வேண்டாம். நீங்க பக்கத்துல உக்காந்தா நான் உங்களைத்தான் பார்த்துண்டு ஓட்டுவேன்," என்றாள். பத்து இருபதுக்குக் கிளம்பினாள். பதினொன்று நாற்பதுக்கு அக்காவின் போனிலிருந்து அழைத்து, வந்து சேர்ந்ததை மட்டும் சொல்லி வைத்துவிட்டாள்.

மாலையில் திரும்பி வந்து மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்தவள், நான் கேட்காமலே சொன்னாள். "அந்த ஏத்தத்துல கை நடுங்கித்து. என் தப்பில்லைன்னு தெரியும். கைக்குத்தான் இன்னும் தெரியலை."

தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். தவறு யாருடையது என்பதை ஒரு காலை நேரத்தில் படித்துக் காட்டிவிடலாம் என்று நினைத்திருந்தேன். நான் நோட்டு எழுதுகிறவன், எனக்கு அப்படித்தான் நினைக்கத் தோன்றும். அவளோ அந்த ஏற்றத்தில் ஒவ்வொரு முறையும் ஏறித்தான் அதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

"வெள்ளிக்கிழமை?" என்றேன்.

"அக்கா வத்தக்குழம்பு கேட்டிருக்கா," என்றாள்.

வெள்ளிக்கிழமையும் போனாள்.